பத்து மரங்களில் மஞ்சள் துணி

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. இந்தப் பக்கம் மொட்டையாகக் கிடந்தது. நடுவில் இருந்தது ஒரு முள்வேலி, அவ்வளவுதான். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று. அப்படியானால் இந்தப் பக்கத்துப் புல் எங்கே போயிற்று? ஆட்டின் வயிற்றுக்குள் என்றால் எந்தப் புல் போயிற்று, எது மிஞ்சியது, போனது திரும்ப வருமா வராதா? எனக்கு அந்த யோசனை முதன்முதலில் வந்தது அங்கேதான். மூலனூருக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் பஞ்சராகி நின்ற இடத்தில், பட்டுச்சேலையோடு.

சர்ச்சில் என்னோடு பாடுகிற ஒரு பெண்ணின் அக்காவுக்குக் கல்யாணம். நானும் அம்மாவும் போய்விட்டுத் திருப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸுக்குள் ஆளுக்குச் சமமாக முருங்கைக்காய்க் கட்டுகளும் ஏறியிருந்தன. டயர் போனதும் எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்று கண்டக்டரைக் குறை சொன்னார்கள். நான் வேலி ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

"ஏ பிள்ள, முள்ளு சேலைய இழுத்துரப் போவுது. இங்க வா," என்றாள் அம்மா.

"அம்மா, இங்க வந்து பாரேன். வேலிக்கு அங்கிட்டு எவ்வளவு புல்லு."

"புல்லுதான? காணாததக் கண்ட மாதிரி நிக்கா."

காணாததைத்தான் கண்டிருந்தேன். நான் பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். வீடு வீரபாண்டியில். அப்பா ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அம்மா இன்னொன்றில் ஓவர்லாக் டெய்லர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள். புல் என்பது எனக்குப் புத்தகத்தில் இருந்த விஷயம். தாவரவியலில் எம்.எஸ்ஸி. படிக்கிறவள் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனால் உண்மை.

வேலிக்குள் இருப்பதற்குக் கொறங்காடு என்று பெயர் என்பதை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டு வைத்த வானம் பார்த்த பூமி. சுற்றிலும் கிளுவை, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் ஆட்டை விட்டால் இன்னொன்றை அடைத்து வைப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். பஸ் திருப்பூர் வந்து சேர்வதற்குள் என் இறுதியாண்டு ப்ராஜெக்ட் மனதில் முடிந்தே விட்டது. அதற்குப் பிறகு ஒரு கட்டுரை, பிஎச்.டி., வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கம், எல்லாம். எனக்கு எதுவும் அப்படித்தான். ஆரம்பிப்பதற்கு முன்பே முடித்துவிடுவேன்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது ஓர் இலையை அரைத்துச் சாறெடுத்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கிற ப்ராஜெக்ட் எடுத்திருந்தார்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை. என் கைடு மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வெயில்ல நிக்கணும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். தெரியாது.

"நல்லா வந்தா எடுத்துட்டு வா. அடுத்த வருஷம் துறையில ஒரு ரிசர்ச் ஸீட் வருது. ஒருத்தர் பேர் நான் எழுதித் தரணும்," என்றார்.

அந்த ஒரு ஸீட்டுக்காகத்தான் பிறகு நடந்த எல்லாம். அது கிடைக்காவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து அப்பாவின் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் உட்கார்ந்து, பட்டன் எப்போது வரும், லேபிள் எப்போது வரும் என்று மெயில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா அங்கே பேசி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறே அதே இடத்தில் போய் இறங்கினேன். முள் படலைத் திறந்துகொண்டு வந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காடு அவர்களுடையது. அவரும் வீட்டுக்காரரும் முப்பது செம்மறிகள் வைத்திருந்தார்கள்.

"புல்ல எண்றதுக்கா வந்திருக்கறே?"

"ஆமாங்க்கா. என்னென்ன வகை இருக்குது, எது எவ்வளவு இருக்குதுன்னு."

"எண்ணி?"

"எழுதிக் காலேஜ்ல குடுக்கணுங்க."

"அவிய என்ன பண்ணுவாங்க?"

"மார்க் போடுவாங்க."

அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நாம இத்தன வருசம் மார்க்கு இல்லாம சும்மாவே பாத்துட்டு இருந்திருக்கறம்."

அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்து வந்தார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராகச் சதுரங்கள். பத்துச் சதுரங்களைச் சுற்றி அவரே முள் வெட்டிக் கட்டி, ஆடு வாய் வைக்க முடியாதபடி அடைத்துக் கொடுத்தார். இன்னும் பத்துச் சதுரங்கள் திறந்தபடி, ஆடு மேய்வதற்கு. இரண்டையும் வாராவாரம் எண்ணி ஒப்பிட்டால் மேய்ச்சல் புல்லை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். திட்டம் அவ்வளவு சுலபம்.

அடைத்த சதுரங்கள் தூரத்திலேயே தெரிந்தன. திறந்த சதுரங்களைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. நான்கு மூலையிலும் அடித்த குச்சிகளை ஆடுகள் இடறித் தள்ளின. முதல் மாதம் பாதி நேரம் சதுரத்தைத் தேடுவதிலேயே போயிற்று. திறந்த சதுரங்கள் பத்தும் ஒவ்வொரு வெள்வேல மரத்தை ஒட்டித்தான் இருந்தன. மரத்தில் அடையாளம் வைத்தால் போதும் என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு பை நிறையக் கட்டிங் வேஸ்ட் கொண்டு வந்தார். ஏதோ ஓர் ஆர்டருக்கு டி-ஷர்ட் வெட்டியபோது விழுந்த துண்டுகள், பளீரென்ற மஞ்சள். எங்கள் வீட்டில் கட்டிங் வேஸ்ட் என்றால் வண்டி துடைக்க, ஜன்னல் இடுக்கை அடைக்க, தலையணைக்குள் திணிக்க. அதற்கு மேல் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. பனியன் துணியைக் கிழித்து இழுத்தால் கயிறு போலச் சுருண்டுகொள்ளும், முடிச்சும் நழுவாது. பத்து மரத்திலும் இடுப்பு உயரத்தில் சுற்றிக் கட்டினேன். சாலையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரி. அதில் மூன்று சாயங்காலமும் சனிக்கிழமை முழுக்கவும் அப்பாவின் கம்பெனியில் பீஸ் செக்கிங். ட்யூப் லைட்டுக்குக் கீழே டி-ஷர்ட்டை விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. ஞாயிறு காலை ஆறு மணி ஆராதனை. அது முடிந்த கையோடு ஓடிப் போய்த் தாராபுரம் பஸ், அங்கிருந்து மூலனூர் பஸ். அம்மா டிபன் கட்டித் தருவாள். பஸ்ஸுக்கு முன்னால் சாப்பிட்டால் எனக்கு வாந்தி வரும், அதனால் திரும்பி வரும்போதுதான் டப்பாவைத் திறப்பேன்.

ஆறு மணி ஆராதனை என்பது அம்மாவோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

"ஆறு நாள கம்பெனியும் காலேஜும் எடுத்துக்கிடுது. மிச்சம் ஒரு நாளு. அத ஆட்டுக்குக் குடுக்கப் போறியாக்கும்?"

"ஆட்டுக்கு இல்லம்மா, புல்லுக்கு."

"ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போவுது. ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போ."

உட்கார்ந்தேன். கண்ணை மூடினால் ஜெபம் வரவில்லை, தூக்கம் வந்தது. தூக்கம் வராத நாளில் புல்லின் பெயர்கள் வந்தன. சின்ன வயதில் எனக்கு ஜெபம் நன்றாக வரும். பரீட்சை, அப்பாவின் இருமல், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். இப்போது மண்டியிட்டால் முழங்கால் வலிக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. விசுவாசம் போய்விட்டதோ என்று ஒரு நாள் பயந்து உள்ளே தேடிப் பார்த்தேன். போகவில்லை. அசந்து போய்ப் படுத்திருந்தது, என்னைப் போலவே.

சபையில் சில பேர், "உனக்கென்ன, ஆண்டவரின் படைப்பைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறாய்" என்பார்கள். பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். அரை அடி தூரத்தில். மூன்றாவது சதுரத்துக்கு மேல் எல்லாப் புல்தாளும் ஒன்று போலத் தெரியும். நெருஞ்சி குத்தாமலிருக்கச் செருப்பைக் கழற்றி அதன் மேல் முழங்கால் போட்டுக் குனிந்துகொள்வேன். மனதுக்குள் எண்ணினால் தவறிப் போகும், அதனால் வாயை அசைத்து எண்ணுவேன். வெயில் பிடரியில் உட்கார்ந்திருக்கும். இயற்கை என்று எழுதுகிறோமே, அது பெரும்பாலும் இப்படித்தான், வியர்வை கண்ணுக்குள் இறங்குகிற வேலையாக இருந்தது.

ஆனாலும் சில நிமிடங்கள் உண்டு. வானம்பாடி ஒன்று மரத்து உச்சியிலிருந்து நேர் மேலே எழும்பிப் பாடி, இறக்கையை விரித்தபடி மெல்ல இறங்கும். கொழுக்கட்டைப் புல்லின் கதிர்கள் எல்லாம் காற்றில் ஒரே பக்கம் சாயும். அப்போது நான் எதையும் கேட்டதில்லை, நன்றி சொன்னதும் இல்லை. பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு பார்த்தால் எண்ணிக்கை விட்டுப் போயிருக்கும். முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அக்கா போசியில் கம்பங்கூழ் கொண்டு வருவார். "வேண்டாங்க்கா, முடிச்சுட்டு" என்பேன். அந்தப் பக்கத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் மூன்று தடவையாவது வற்புறுத்துவார்கள். அக்கா மட்டும் ஒரு தடவைக்கு மேல் சொன்னதில்லை, தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நான் எண்ணி முடித்துக் கிளம்பும்வரை ஆடுகளையும் பட்டியில் அடைத்தே வைத்திருப்பார். "நீ உன்ற காரியத்தப் பாரு கண்ணு, ஆடு பொறகு போவட்டும்." என் வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று நினைக்கிறார், எவ்வளவு நல்ல மனசு என்று இருந்தேன்.

குச்சி வைத்திருந்த முதல் மாதத்தில் கணக்கு நான் எதிர்பார்த்தபடி இருந்தது. அடைத்த சதுரத்தில் புல் அதிகம், திறந்ததில் குறைவு. மழை பெய்தது. அதற்குப் பிறகு வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. பிப்ரவரியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. திறந்த சதுரத்தில் ஆடு மேய்கிறது, ஆனால் புல் குறையவில்லை. என் நோட்டில் ஒவ்வொரு சதுரத்துக்கும் புழுக்கை என்று ஒரு கட்டம் உண்டு, ஆட்டுப் புழுக்கை கிடக்கிறதா என்று குறிப்பதற்கு. வாராவாரம் அதில் இல்லை, இல்லை, இல்லை என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியதைப் படிக்கவில்லை. ஆடு மேய்ந்த இடத்தில் புழுக்கை இல்லாமல் எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் மேய்ச்சல் இந்தப் புல்லைக் குறைப்பதில்லை என்று ரிப்போர்ட்டில் இரண்டு பக்கம் விளக்கம் எழுதினேன். அழகான இரண்டு பக்கம்.

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எதிர்பார்க்காத ரிசல்ட். நல்லா எழுதியிருக்க. ஸீட்டுக்கு உன் பேரைத்தான் எழுதப் போறேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அங்கேயே நின்று ஜெபம் செய்தாள்.

ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்கு ஆடு மேய்கிற படம் ஒன்று வேண்டும் என்றார் மேடம். என்னிடம் அப்படி ஒரு படம் கூட இல்லை. ஸ்டடி லீவு விட்டிருந்தார்கள். முதல்முறையாக ஞாயிறு அல்லாத ஒரு நாளில், ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் போனேன்.

ஆடுகள் காட்டுக்குள் பரவி நின்றன. போனை எடுத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றேன். நாலைந்து ஆடுகள் மஞ்சள் துணி கட்டிய மரத்தை நோக்கிப் போயின. மரத்தடியில் வேலங்காய் உதிர்ந்து கிடந்தது. நல்ல படமாக வரும் என்று போனைத் தூக்கினேன். அக்கா ஓடி வந்தார். "ஏய், அக்கட்ட போ, அக்கட்ட" என்று குச்சியால் தரையில் தட்டி ஆடுகளைத் திருப்பினார். பிறகு குனிந்து காய்களைக் கையால் கூட்டிக் கூடையில் அள்ளி, பத்தடி தள்ளிக் கொண்டுபோய் ஆடுகளுக்கு முன்னால் கொட்டினார். அடுத்த மஞ்சள் மரத்திலும் அதையே செய்தார்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் படலைத் திறந்து உள்ளே போனேன்.

"அக்கா, ஏன் ஆட்ட அங்க விடாம திருப்பறீங்க?"

"வா கண்ணு. இன்னைக்கென்ன புதங்கெழமையில?" என்றவர், என் கேள்வி அப்போதுதான் காதில் விழுந்தது போலப் பார்த்தார். "அது உன்ற மரமல்லொ. வேண்டுதல் துணி கட்டுன மரத்தடியில ஆட்ட உட்டு புழுக்க போட வெப்பாங்களா?"

"அது வேண்டுதல் இல்லக்கா. எடம் தெரியறதுக்கு அடையாளம்."

"அடையாளமா?"

"கம்பெனியில வெட்டிப் போட்ட துணிங்க்கா. வேஸ்ட்டு."

அக்கா மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பத்து மரத்துலயுமா?"

"பத்துலயும்."

"மஞ்சத் துணி கட்டியிருக்கறே. செருப்பக் கழட்டிப் போட்டு மண்டி போட்டு வாயிக்குள்ள என்னமோ முணுமுணுக்கறே. பச்சத்தண்ணி பல்லுல படாம வர்றே. நான் வேறென்னன்னு நெனைக்கறது?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"வேண்டுதல என்னன்னு ஒருத்தர்கிட்ட கேக்கறதா? நல்லாருக்குது போ." பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு புள்ளைக்கு எதுக்கு பத்து வேண்டுதல்னு எங்க ஊட்டுக்காரரு கணக்குப் போட்டுட்டே இருந்தாரு. படிப்புக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, வேலைக்கு ஒண்ணு. மிச்சம் ஏழு என்னன்னு அவுருக்குத் தூக்கமே இல்ல."

"நாங்க கிறிஸ்டியன்க்கா."

"அதனால என்ன கண்ணு? இங்கிருந்து வேளாங்கண்ணிக்கு எத்தன பேரு நடந்தே போறாங்க. எந்த மரத்துல துணி கட்டுனாலும் சாமிக்குத் தெரியாமயா இருக்கும்?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? துணி கட்டிய நாளிலிருந்து ஆடு அந்தப் பத்துச் சதுரத்துக்குள்ளும் வாய் வைக்கவில்லை. ஆடு மேயாத சதுரம் பத்தையும் ஆடு மேயாத சதுரம் பத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கின்றன என்று நான் கண்டுபிடித்திருந்தேன். மஞ்சள் துணி மரத்தில் கட்டினால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததா? எத்தனை கோவில் மரத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஆனால் அப்பா கொண்டு வந்த பையில் இருந்ததைப் பார்த்தபோது என் கண்ணுக்கு அது ஆர்டர் துணியாகத்தான் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தூங்கிவிட்டேன். தாராபுரத்தில் கண்டக்டர் எழுப்பினார்.

அந்த வாரம் முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. ரிப்போர்ட் ஸ்பைரல் போட்டுத் தயாராக இருந்தது. மேடம் மூலனூருக்கு வரப் போவதில்லை. அக்கா என் ரிப்போர்ட்டைப் படிக்கப் போவதில்லை. ஸீட்டுக்குப் பேர் எழுதிக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அதற்கு உழைப்பே தேவையில்லை, அப்போது என்னிடம் இருந்த தெம்புக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. சனிக்கிழமை செக்கிங்கில் வழக்கத்தைவிட அதிகமாக ரிஜெக்ட் போட்டேன் போல. சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க மேடம், இன்னைக்கு லாட்டு பூராமே உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது" என்றார்.

ஞாயிறு பஸ் ஏறவில்லை. அம்மாவோடு பெரிய ஆராதனைக்குப் போனேன். அம்மாவுக்குச் சந்தோஷம். பாவ அறிக்கை செய்கிற நேரம் வந்தபோது கண்ணை மூடி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஆண்டவருக்கு இது புதன்கிழமையே தெரியும். அக்காவுக்குத் தெரியும். தெரியாதவர் மேடம் ஒருவர்தான். அவரிடம் சொல்வதற்குப் பதிலாக இங்கே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பது, கஷ்டமான வீட்டை விட்டுவிட்டுத் தெரிந்த வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது.

திரும்பி நடந்து வரும்போது அம்மாவிடம் சொன்னேன். ஸீட் போய்விடும் என்று அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொம்பள இத்தன மாசமா உனக்காவ காயப் பொறக்கிக் கூடையில சொமந்திருக்கா," என்றாள். "அவட்ட மன்னிப்புக் கேட்டியா?"

"இல்ல."

"அத மொதல்ல செய்யி."

"மேடத்துக்கிட்ட?"

"சொல்லாம இருந்துட்டு நீ தூங்குவியா? நீ தூங்காட்டி எனக்குல்லா தூக்கம் போவும்," என்றாள்.

திங்கள் காலை மேடத்திடம் நோட்டைத் திறந்து வைத்துச் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் சிரிப்பு வந்தது அவருக்கு, அடக்கிக்கொண்டார். புழுக்கைக் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார்.

"வாராவாரம் இல்லைன்னு எழுதியிருக்க. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ரெண்டு பேருமே பாக்கல," என்றார்.

"சாரி மேடம்."

"நடந்ததை அப்படியே எழுதிக் கொடு. முதல் மாசக் கணக்கு இருக்கு, பாஸ் ஆயிரும். ஆனா ஸீட்டுக்கு இதை வெச்சு உன் பேரை எழுத முடியாதும்மா."

அந்த அழகான இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு, மஞ்சள் துணியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, ஆட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசவில்லையா என்று கேட்டார். பேசினேன் சார், புல்லைப் பற்றி மட்டும் பேசினேன் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஸீட், இலையை அரைத்தவர்களில் ஒருவனுக்குப் போயிற்று. அவன் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தான். வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்து ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு உடம்பு கனத்தது. ஆனால் தூங்கினேன், அது நிஜம்.

மே மாதத்தில் துணிகளை அவிழ்க்கப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. "ஆட்டுக்குக் காய் கெடச்சுதே, அப்புறமென்ன" என்றார். மறுபடியும் எண்ணிப் பார்க்க ஆசை என்றேன். இந்த முறை கல்லூரிக்கு இல்லை, மார்க்கும் இல்லை.

"மார்க்கும் இல்லாம எதுக்கு?"

"ஆடு மேஞ்சா புல்லு என்ன ஆகுதுன்னு இன்னும் தெரியலீங்களேக்கா."

"அது சரி. இப்ப எதைக் கட்டப் போறே?"

கல் நட்டுச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்றேன். வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "சுண்ணாம்பு அடிச்ச கல்லுன்னா அடுத்த வாரமே எலுமிச்சம்பழம் வந்துருமுங்க. அதுக்கடுத்த வாரம் ஆராச்சும் பூச போட்டுருவாங்க." சிவப்புப் பெயின்ட் இன்னும் மோசம் என்றார் அக்கா. கடைசியில் பெரிய போல்ட்டுகளைத் தரையோடு தரையாக இறக்கிவிட்டு, பக்கத்து மரங்களிலிருந்து டேப் பிடித்து அளந்த தூரத்தை நோட்டில் மட்டும் எழுதி வைப்பது என்று முடிவாயிற்று. யார் கண்ணுக்கும் எதுவும் தெரியக் கூடாது.

துணிகளை அவிழ்த்துக்கொண்டே போனேன். வெயிலில் வெளிறி எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தன. நாலாவது மரத்தில் என் துணிக்கு மேல் இன்னொரு துணி இருந்தது. கம்பெனித் துணி இல்லை, பருத்திப் புடவையிலிருந்து கிழித்து மஞ்சளில் நனைத்தது. முடிச்சில் கை வைத்தேன்.

"அது என்றது கண்ணு. அத உட்டுரு," என்றார் அக்கா.

எப்போது கட்டினார், எதற்காக என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. என் துணியை மட்டும் கத்தரியால் வெட்டி, அவருடையது அசையாமல் உருவி எடுத்தேன். நாலாவது சதுரத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, வேலிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று அளந்துகொண்டேன்.

இப்போது மெர்ச்சண்டைசிங்கில் இருக்கிறேன். பட்டன் இன்னும் வரவில்லை. அக்டோபரில் மழை விழுந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், ஒரு வேலைநாளில் லீவு போட்டுவிட்டு, நோட்டில் கட்டம் எதுவும் போடாமல், காலையில் பட்டி திறப்பதிலிருந்து சாயங்காலம் அடைக்கும்வரை ஆடுகளுக்குப் பின்னால் நடக்கப் போகிறேன். எந்த ஆடு எந்த மரத்தடிக்குப் போகிறது, அக்கா எதை எங்கே திருப்புகிறார், எங்கே திருப்பாமல் விடுகிறார் என்று பார்க்க வேண்டும். கேட்கக் கூடியதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த நாள் என்று இன்னும் முடிவாகவில்லை. ஷிப்மென்ட் இல்லாத வாரமாகப் பார்க்க வேண்டும்.